காம்பியா ஆற்றின் தென்கரையில் ஒரு லாரி மாம்பழம்

அந்தத் துறைக்கு வந்து சேர்ந்த சாயங்காலமே ஊலிமாத்தா சானேவுக்குக் குமட்டியது. கரையோரச் சேற்றில் லாரிக்காரர்கள் ஒதுங்கி ஒதுங்கி வைத்திருந்த அசிங்கம், அதன்மேல் நடந்துபோய்வரும் ஆடுகள், அந்த ஆட்டையே அறுத்துச் சுட்டு விற்கும் ஒருவன், அவனைச் சுற்றி மொய்க்கும் ஈ. துறை என்று பேர்தான். ஒரு சரிவு, ஒரு கம்பித் தடுப்பு, பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். இரண்டு ஃபெர்ரிகளில் ஒன்று எஞ்சின் போய் எதிர்க்கரையில் சாய்ந்து கிடந்தது. இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது என்று மரியாதைக்குச் சொல்லலாம்.

அவள் லாரியில் இருந்தது மாம்பழம். பிஞ்ஞோனாவுக்குப் பக்கத்தில் அவள் ஊர்ப் பெண்கள் எல்லாருடைய மரங்களிலிருந்தும் இறக்கியது. வருடா வருடம் டக்காரிலிருந்து ஒரு தரகன் வருவான். காய் மரத்தில் இருக்கும்போதே விலை பேசுவான். பேசிய விலையிலும் பூச்சி அடித்தது, புள்ளி விழுந்தது என்று பாதியைக் கழித்துவிட்டு மீதியைத் தருவான். இந்த வருடம் ஊலிமாத்தா கூட்டத்தில் எழுந்து நின்று, நாமே ஏற்றிக்கொண்டு போவோம், நாமே விற்போம் என்றாள். பெண்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு நம்பினார்கள். தரகன் கோபப்படவில்லை. ஆற்றைத் தாண்டிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், அதுவரை இங்கேயே இருக்கிறேன் என்று பள்ளிவாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். பழம் டக்கார் போய்ச் சேராவிட்டால் அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அவன் சொன்னதுதான் விலை. அந்த ஊரில் இனி எந்தப் பெண்ணும் எழுந்து நின்று பேசவும் மாட்டாள்.

பிஞ்ஞோனா இருக்கும் தெற்குச் செனகலுக்குக் காஸமான்ஸ் என்று பேர். காஸமான்ஸ்காரர்கள் வடக்கே தலைநகர் டக்காருக்குக் கிளம்பும்போது "செனகலுக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் இருப்பதும் செனகல்தான், போவதும் செனகல்தான். ஆனால் நடுவில் இந்த ஆறு இருக்கிறது. ஆறு மட்டும் இருந்தால் பரவாயில்லை, ஆற்றின் இரண்டு கரையையும் ஒட்டிக் குடலை உருவிப் போட்டதுபோல காம்பியா என்று ஒரு தேசம் நீளமாகக் கிடக்கிறது. கப்பலில் வந்த இங்கிலீஷ்காரனுக்கு ஆறு வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டான். சுற்றியுள்ள நிலத்தில் வேர்க்கடலை போட வந்த பிரெஞ்சுக்காரன் மிச்சத்தை எடுத்துக்கொண்டான். அண்ணன் ஒரு தேசத்துக்கும் தம்பி இன்னொரு தேசத்துக்கும் போனார்கள். இரண்டு வெள்ளைக்காரனும் வீடு போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. சேற்றில் நிற்பது மட்டும் நம் தலையில் எழுதியிருக்கிறது.

லாரி ஓட்டி வந்த மாப்பாத்தே வடக்கத்தி ஆள், வோலோஃப் இனம். வாய் ஓயாதவன். வெள்ளைக்காரன் நடு ஆற்றில் கப்பலை நிறுத்தி இந்தப் பக்கம் ஒரு குண்டு, அந்தப் பக்கம் ஒரு குண்டு சுட்டானாம், குண்டு விழுந்த இடம்வரை அவனுடைய தேசமாம் என்று எல்லாரும் சொல்லும் கதையை அவனும் சொன்னான். பிறகு சரிவின் பக்கமாகக் காறித் துப்பினான்.

"நம்ம வீட்டுக் கூடத்துலேருந்து அடுப்படிக்குப் போக, பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சாவி கேக்கணும். நான் அப்பவே சொன்னேன்க்கா, ஆத்தச் சுத்திக் கிழக்கால போயிடலாம்னு. தூரம்தான், ஆனா எவன் மூஞ்சியிலயும் முழிக்க வேணாம்."

சுற்றிப் போனால் டீசலுக்கே பழத்தில் பாதி போய்விடும் என்று அவள் மறுத்திருந்தாள். இப்போதும் மறுத்தாள். அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. தகர அறையில் உட்கார்ந்து எந்த வண்டி முன்னால், எந்த வண்டி பின்னால் என்று கை காட்டுகிறவனை யாரோ "ஃபாயே" என்று கூப்பிட்டதை அவள் கேட்டிருந்தாள். லாத்திர் ஃபாயே. ஃபாயே என்றாலே செரேர் இனத்துக் குலப்பேர். அவள் ஜோலா இனம். பிறகென்ன கவலை.

ஜோலாவும் செரேரும் கேலி முறைக்காரர்கள். ஆதியில் அக்காவும் தங்கையும் ஒரே தோணியில் போனார்களாம், புயலில் தோணி இரண்டாகப் பிளந்ததாம், ஒருத்தி வடக்கே கரையேறி செரேருக்குத் தாயானாளாம், இன்னொருத்தி தெற்கே ஒதுங்கி ஜோலாவுக்குத் தாயானாளாம். அன்றிலிருந்து ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள். எவ்வளவு திட்டினாலும் கோபப்படக்கூடாது, சிரிக்க வேண்டும். கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது. இது விளையாட்டு மட்டுமில்லை. ஊலிமாத்தாவின் ஊரில் ஒரு முறை வயல் வரப்புக்காக இரண்டு குடும்பங்கள் கத்தியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு செரேர் வாத்தியார் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "என் அடிமைங்கள்லாம் கத்தியக் கீழ போடுங்க" என்றார். போட்டார்கள். அவள் அதைத் தன் கண்ணால் பார்த்தவள்.

அதனால் அறை வாசலில் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"எவன்டா இங்க ஃபாயே? உன் எஜமானி வெயில்ல நிக்கறா, நீ நாற்காலில ஒக்காந்திருக்க?"

அறைக்குள் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தடித்த மனிதன் பல்குச்சியை மென்றுகொண்டிருந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஜோலாக்காரியா? அதான பாத்தேன், சோத்து வாடை வருதேன்னு. என் அடிமை ஓடிப் போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தேன், தானா வந்து நிக்குது."

"கம்பு மாவத் தின்னு தின்னு கண்ணும் மங்கிப் போச்சா உனக்கு? எஜமானியையும் அடிமையையும் அடையாளம் தெரியல."

சுற்றி நின்ற லாரிக்காரர்களுக்குச் சோறு தின்கிற ஜோலாவும் கம்பு தின்கிற செரேரும் மோதுவதுதான் அன்றைய கொண்டாட்டம். ஒருவன் கை தட்டினான். ஃபாயே அவளுக்கு ஸ்டூல் போடச் சொன்னான், மூன்று சுற்றுத் தேநீரும் வந்தது. அவள் மாம்பழத்தைப் பற்றிச் சொன்னாள். ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொன்னாள். தரகனின் நாற்காலியையும் சொன்னாள். அப்போது அவள் கேலியாகப் பேசவில்லை, அவனும் சிரிக்காமல்தான் கேட்டான். காம்பியாக்காரன், செனகல்காரி என்ற பேச்சே அங்கே எழவில்லை. செரேருக்கும் ஜோலாவுக்கும் நடுவில் அப்படிப் பேசுவது யாருக்கும் பழக்கமில்லை.

"நாளைக்குக் காலைல மொத ஃபெர்ரி," என்றான். "உன் லாரிதான் முன்னால. எஜமானி சொன்னா மறுபேச்சு ஏது?"

திரும்பி வந்தபோது லாரிக்குப் பக்கத்தில் பின்த்தா என்ற சந்தைக்காரி காத்திருந்தாள். இந்தக் கரையிலேயே பக்கத்து ஊரில் கடை வைத்திருப்பவள். தார்ப்பாயை விலக்கிப் பழத்தை மோந்து பார்த்து, நல்ல சரக்கு, பாதி விலைக்கு முழு லாரியையும் இருட்டுவதற்குள் இறக்கிக்கொள்கிறேன் என்றாள். ஊலிமாத்தா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். துறையில் தன் அடிமை இருக்கிறான், வாக்குக் கொடுத்திருக்கிறான் என்று பெருமையாகச் சொன்னாள்.

"ஃபாயேயா?" என்றாள் பின்த்தா. "அவன் சிரிச்சா நாங்க பையத் தொட்டுப் பாத்துக்குவோம்."

மந்திங்கா இனத்துக்காரிக்கு ஜோலா செரேர் முறை என்ன தெரியும் என்று ஊலிமாத்தா நினைத்துக்கொண்டாள்.

காலையில் முதல் ஃபெர்ரி வந்தது. தடுப்பைத் தூக்கியதும் எங்கிருந்தோ மூன்று கறுப்புக் கார்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிசையைத் தாண்டி வந்து ஏறின. யாரோ பெரிய மனிதனின் மாமியார் வீட்டு விசேஷமாம். அடுத்து ஒரு பஸ். அடுத்து ஒரு சிமெண்ட் லாரி. அந்த சிமெண்ட் லாரிக்காரன் ஃபாயேயின் கையைக் குலுக்கினான், குலுக்கிய கையை விடுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். சங்கிலி போட்டார்கள், ஃபெர்ரி நகர்ந்தது. மாப்பாத்தே எஞ்சினை அணைத்தான்.

அவள் ஓடிப் போய்க் கேட்டாள். சிமெண்ட் அழுகுமா, அது எதற்கு முன்னால் போனது என்று கேட்டாள். ஃபாயே வயிறு குலுங்கச் சிரித்தான்.

"நம்பிட்டியா? அட, நம்பிட்டாளேப்பா! ஜோலா மண்டைன்னா இதான். அடிமை பேச்ச எந்த எஜமானி நம்புவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், முறை அப்படி. சிரிக்கும்போது அவன் பல்குச்சி நுனியிலிருந்து எச்சில் தெறித்து அவள் கையில் பட்டது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவன் அவள் தோளைத் தட்டி, சரி சரி, நாளைக்குச் சத்தியமாக என்றான்.

அவன் எதிர்பார்ப்பது என்ன என்று மாப்பாத்தேவுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் துறையில் ஆட்டுக்கறி விற்கிறவனுக்கும் தெரிந்திருந்தது. கையில் எதையாவது மடித்துக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேருவோம் என்று மாப்பாத்தே கெஞ்சினான்.

"மொறைக்காரனுக்கு லஞ்சம் குடுக்கறதா?" என்றாள் அவள். "எங்கப்பன் குழிக்குள்ளேருந்து எழுந்து வந்து துப்புவான்."

கையில் காசு இல்லை என்பதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. இருந்தது. ஆனால் கொடுத்துவிட்டால் அவன் யார், அவள் யார்? கேலி முறைக்காரனிடம் காசு கொடுத்து வேலை வாங்கியவளை அவள் ஊரில் கேள்விப்பட்டதே இல்லை. அவன் விளையாடுகிறான், கொஞ்சம் எல்லை மீறி விளையாடுகிறான், அவ்வளவுதான் என்று அன்று பூராவும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நம்பிக்கையில் பின்த்தாவைத் தேடிப் போகவுமில்லை.

மாம்பழம் அவள் சொல்லிக்கொண்டதைக் கேட்கவில்லை. தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டிருந்தது. மதியத்துக்கு மேல் லாரியின் பின்பலகை இடுக்கு வழியாக மஞ்சளாக ஒரு சாறு வழிந்து சேற்றில் சொட்ட ஆரம்பித்தது. முதலில் எறும்பு வந்தது, பிறகு ஈ வந்தது, ஆட்டுக்கறிக்காரனை விட்டுவிட்டு மொத்த ஈயும் இங்கே வந்தது. மேல் அடுக்குக் கூடையில் கையை விட்டாள். விரல் தோலைக் கிழித்துக்கொண்டு கொட்டைவரை இறங்கியது. வெளியே எடுத்த விரலில் வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. பிஞ்ஞோனாவில் ஒவ்வொரு காயையும் அவளே துடைத்து அடுக்கியவள். லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

சுற்றியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரிகளைத் தள்ளி நிறுத்தினார்கள். ஆட்டுக்கறிக்காரன் வந்து, நாற்றத்தில் தன் வியாபாரம் கெடுகிறது, லாரியை அப்பால் கொண்டு போங்கள் என்றான். ஈ மொய்த்த கறியை விற்கிற அவன் சொல்கிறான். பின்த்தாவும் வந்தாள், பத்தடி தூரத்திலேயே நின்றாள், திரும்பிப் போய்விட்டாள். அவள் ஏதாவது குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையும் ஃபெர்ரி வந்தது. இரும்புக் கம்பி லாரி ஒன்று ஏறியது, காலிப் பாட்டில் லாரி ஒன்று ஏறியது. ஃபாயே அவள் பக்கம் பார்த்துக் கண்ணடித்து, விரலால் "நாளைக்கு" என்று சைகை காட்டினான். நின்றவர்களில் சிலர் இப்போது சிரிக்கவில்லை.

அந்த ஃபெர்ரி போய், மறுபடி வந்து வண்டிகளை இறக்கிவிட்டு நின்றபோது ஊலிமாத்தா லாரியில் ஏறி ஒரு கூடையை எடுத்தாள். இருப்பதிலேயே மோசமானதாகத் தேடிப் பொறுக்கினாள். கறுத்துப் போய், தோல் வெடித்து, வெடிப்பில் புழு தெரிவதாக ஒரு பழம். அதைக் கழுவாமல் கொள்ளாமல் வலது கையில் ஏந்திக்கொண்டு தடுப்புக்குப் போனாள். அவள் போகிற போக்கைப் பார்த்து ஆள்கள் பின்னாலேயே வந்தார்கள். கேலி முறையில் இதுவும் உண்டு. முறைக்காரி தன் கையால் கொடுப்பதை முறைக்காரன் மறுக்க முடியாது. பத்துப் பேருக்கு முன்னால் மறுத்தால் அவன் செரேரே இல்லை.

"இவ்வளவு தூரம் கொண்டு வந்தேன், எஜமானி கையால உனக்கு ஒண்ணு குடுக்காமப் போனா நல்லாருக்குமா?" என்றாள். "சாப்புடு."

சாறு அவள் முழங்கை வழியாக வழிந்தது. ஃபாயே பழத்தைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். இப்போது அவமானத்தில் சுருங்குவான், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பான், அது நடந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். பழம் போனது போனதுதான், அந்த ஒன்றாவது மிஞ்சட்டும்.

அவன் பல்குச்சியைக் காதில் சொருகிக்கொண்டான். பழத்தை வாங்கினான். வெடிப்பில் வாயை வைத்து உறிஞ்சினான். மென்றான். இன்னொரு கடி கடித்தான். கூட்டத்தில் யாரோ ஓங்கரித்தார்கள். அவன் கொட்டைவரை சப்பி, கொட்டையைச் சேற்றில் எறிந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். தாடையில் ஒரு புழு ஒட்டியிருந்தது. அதையும் துடைத்தான்.

"நல்லா இனிக்குது," என்று சிரித்தான். "அடுத்த வருசமும் கொண்டு வா." பிறகு அவளைத் தாண்டிக் கையை நீட்டி, வரிசையில் நின்ற அடுத்த காரை வரச் சொன்னான்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இவன் எதையும் தின்பான். சிமெண்ட் லாரிக்காரன் கையிலிருப்பதையும் தின்பான், அவள் ஊர்ப் பெண்களின் வருடத்தையும் தின்பான், புழுவையும் தின்பான், தின்றுவிட்டுச் சிரிப்பான். வெட்கம் இருக்கும் இடத்தில் அவனுக்கு வயிறு இருக்கிறது. அந்தச் சிரிப்பை அவனுக்குக் கொடுத்தது எது? முறை. அக்காவும் தங்கையுமாகப் பிழைத்து வந்தவர்கள் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே சொத்து. அதைப் போர்த்திக்கொண்டு இவன் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு நாளாக அவளும் அதற்குத் துணையாகச் சிரித்திருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும் பழ நாற்றம் அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

சுற்றிச் சிலர் பழக்கத்தில் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள். ஃபாயேயும் காத்திருந்தான்.

அவள் சிரிக்கவில்லை.

"லாத்திர் ஃபாயே," என்றாள். முறைக்காரனை முழுப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இத்தன நாள் உன்ன என் அடிமைன்னு சொன்னேன். எங்கம்மா சொன்னா, அவ அம்மா சொன்னா. இன்னியோட உன்ன விடுதலை பண்ணிட்டேன்."

ஃபாயேயின் வாய் இன்னும் சிரித்தபடியே இருந்தது.

"என்ன எஜமானி, இதுக்குப் போயி..." என்று தொடங்கினான்.

"எஜமானி இல்ல. நீ யாருன்னே எனக்குத் தெரியாது. நீ காம்பியாக்காரன், நான் செனகல்காரி. லாரிய ஏத்தணும், ரேட்டு என்னன்னு சொல்லு."

இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எடுத்தாள். கையைக் குலுக்குவதுபோல மறைத்து நீட்டவில்லை, எல்லாரும் பார்க்க நீட்டினாள். லாரிக்காரர்களில் வயதான ஒரு செரேர் ஆள் தொப்பியைக் கழற்றித் தலையைக் குனிந்துகொண்டான். ஃபாயே பணத்தைப் பார்த்தான். இரண்டு நாளாக அவன் எதிர்பார்த்தது அதுதான். கை பாதிவரை எழுந்தது, அங்கேயே நின்றுவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது. சிரிப்பு போன முகம் சின்னதாக, யாருடையதோபோல இருந்தது.

"அக்கா, சும்மா வெளையாட்டுக்குத்தான..." என்றான். அந்தக் குரலில் பயம் இருந்தது. "லாரிய ஏத்திக்க. இப்பவே ஏத்திக்க. அந்த வார்த்தைய மட்டும் திருப்பி எடுத்துக்க."

"ரேட்டக் கேட்டேன்."

ஃபாயே தடுப்பைத் தானே போய்த் தூக்கினான், அவன் தூக்கி யாரும் பார்த்ததில்லை. ஃபெர்ரியின் பலகை காலியாகக் கிடந்தது. மாப்பாத்தே அவசரமாக எஞ்சினைக் கிளப்பி, ஏறுங்கள் அக்கா என்று கதவைத் திறந்து வைத்தான். அழுகிய லாரிக்கு முதல் இடம் கிடைத்திருந்தது.

இரண்டு வெள்ளைக்காரனும் மண்ணில் போட்ட கோட்டை இந்த இரண்டு சனத்துக்கு நடுவில் போட முடியாமல்தான் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கோட்டைத் தன் வாயாலேயே இழுத்துவிட்டோம் என்று ஊலிமாத்தாவுக்குத் தெரிந்தது. ஊரில் போய்ச் சொன்னால் நாலு பேர் அவளைத்தான் வைவார்கள். தரகன் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட மாட்டான். காசு வாங்காமல் அவன் தூக்கிய தடுப்பைத் தாண்டினால் அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்ததாகிவிடும், எல்லாம் தெரிந்தும் அதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. அவன் தாடையில் சாறு காய்ந்து பளபளத்துக்கொண்டிருந்தது.

"திருப்பு," என்றாள் மாப்பாத்தேவிடம். பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு லாரியில் ஏறினாள்.

லாரி திரும்பியது. தடுப்பைத் தூக்கிப் பிடித்தபடியே ஃபாயே அங்கே நின்றான். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். யாரை அனுப்புவது என்று அவன் கை காட்டவில்லை.